பிடுங்கி எறிந்த புல்தான் பிழைத்தது

பாணேர் குன்றின் மேலுள்ள துகாய் மாதா கோயில் வாசலில் நின்று கீழே பார்த்தால், கண்ணுக்கு எட்டிய மட்டும் அடுக்குமாடிக் கட்டடங்கள்தான் தெரிகின்றன. 1997-ஆம் ஆண்டு புனே மாநகராட்சியுடன் சேர்க்கப்படும் வரை பாணேர் ஒரு கிராமம். வயலும் மேய்ச்சல் நிலமும் இருந்த இடம். இன்று அங்கே புல் என்பது காசு கொடுத்து வாங்கி, வண்டியில் ஏற்றி வந்து விரிக்கும் பொருளாகிவிட்டது.

அந்தப் பாணேரில், ஒரு சந்துக்குள் இருக்கும் சிறிய தனி வீட்டில், அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற தமிழர் ஒருவர் குடும்பத்தோடு வசிக்கிறார். முப்பது வருடம் குவார்ட்டர்ஸில் காலம் தள்ளிய பிறகு, பிராவிடண்டு பண்டுப் பணத்தில் கட்டிய வீடு. வாசலில் 400 சதுர அடி வெற்றிடம். பேரன் விழுந்து எழுந்து விளையாட அங்கே பசும்புல் வேண்டும் என்பது அவருடைய ஆசை.

மாளி வந்து பார்த்தார். மராட்டியில் தோட்டக்காரருக்கு அதுதான் பெயர். வேலியோரம் படர்ந்திருந்த பச்சைப் புல்லைக் காட்டி, "இது வெறும் ஹரளி, காகா. களை. முதலில் இதைப் பிடுங்கிவிட்டுத்தான் நல்ல புல் போட வேண்டும்" என்றார்.

வீட்டு அம்மாளுக்கு மனம் வரவில்லை. "ஏங்க, இது அருகம்புல் இல்லையா? பிள்ளையாருக்கு வைக்கிறதைப் பிடுங்கி எறியச் சொல்றீங்களே!" என்று கேட்டார். ஆனால் ஆசைக்கு முன்னால் அந்தப் பேச்சு எடுபடவில்லை. வேலியோரப் புல் கோணிப்பையில் போனது. பிப்ரவரி மாதம் நர்சரியிலிருந்து 'மெக்சிகன் கார்ப்பெட்' என்னும் புல்விரிப்பு துண்டு துண்டாக வந்து இறங்கியது. மாலைக்குள் வாசல் பச்சைக் கம்பளமாகிவிட்டது. தெருவே வந்து பார்த்தது.

மார்ச்சில் குழாய்த் தண்ணீர் குறைந்தது. ஏப்ரலில் டாங்கர் வரத் தொடங்கியது. குடிக்கவும் குளிக்கவும் அளந்து பிடிக்கும் வீட்டில் புல்லுக்கு எங்கே தண்ணீர்? அம்மாள் அரிசி களைந்த நீரையும் காய்கறி கழுவிய நீரையும் சுமந்து சுமந்து ஊற்றினார். மே மாதம் கம்பளம் முழுவதும் வைக்கோல் நிறமாயிற்று. கையால் இழுத்தால் பாயைச் சுருட்டுவது போலக் கழன்று வந்தது. வேர் கீழே இறங்கவே இல்லை.

ஜூனில் மழை பெய்தது. செத்த கம்பளத்தின் ஓரத்திலும் இடுக்கிலும் பச்சை தலைநீட்டியது. பணம் கொடுத்து வாங்கியது அல்ல. பிடுங்கி எறிந்த அருகு!

பாணேரிலும் பாஷாணிலும் பாலேவாடியிலும் இப்படிப் புல்லுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு மே மாதத்தில் கையைப் பிசைபவர்கள் உண்டு. நர்சரியில் பச்சையாக இருப்பதைப் பார்த்துப் புல் வாங்கக் கூடாது. நம் வாசலின் வெயிலையும், நம் வீட்டுத் தண்ணீரையும் பார்த்தே வாங்க வேண்டும். அப்படிப் பார்த்தால் இந்த ஊருக்குப் பெரும்பாலும் அருகுதான் ஏற்றது என்பது விளங்கும்.

ஒரே புல்; பல பெயர்

தமிழில் அருகு. மராட்டிய விவசாயிக்கு அது ஹரளி. அதையே கணபதிக்குச் சாத்தும்போது தூர்வா. வட இந்தியாவில் தூப். நர்சரிக்காரர் விதைப் பொட்டலத்தை எடுத்து நீட்டும்போது அது 'பெர்முடா'. தாவர நூலில் அதன் பெயர் சைனோடான் டாக்டிலான். எல்லாம் ஒரே இனம்தான்.

பெயர் பெர்முடாவாக இருந்தாலும் அந்தத் தீவுக்கும் இதன் பிறப்புக்கும் சம்பந்தமில்லை. ஆப்பிரிக்கா, ஆசியா ஆகிய கண்டங்களின் வெப்பப் பகுதிகளே அருகின் தாயகம். அமெரிக்கப் பக்கம் அது பின்னால் போய்ச் சேர்ந்தது. இன்று வெப்ப நாடுகளின் கோல்ப் திடல்களிலும் விளையாட்டு மைதானங்களிலும் பெருமளவு பரந்து கிடப்பது இந்த இனமும் இதன் கலப்பினங்களும்தான்.

விவசாயி இதைக் களை என்று வெறுப்பதற்கும் காரணம் உண்டு. அருகுக்கு இரண்டு வகைத் தண்டுகள். ஒன்று தரைக்கு மேலே ஓடும். மற்றொன்று மண்ணுக்குள் ஓடும். இரண்டிலும் கணுவுக்குக் கணு வேர் பிடிக்கும். மேலே வெட்டினாலும், மாடு மேய்ந்தாலும், வெயிலில் கருகினாலும், கீழே இருக்கும் தண்டு காத்திருந்து மழை விழுந்தவுடன் துளிர்க்கும். நல்ல மண்ணில் வேர் ஒரு மீட்டருக்கும் கீழே போகும். வயலில் எது குற்றமோ அதுவே வாசலில் குணம்.

மெக்சிகோவில் பிறக்காத 'மெக்சிகன்'

நர்சரிகளில் 'மெக்சிகன்' என்றும் 'கொரியன்' என்றும் விற்கப்படும் மெல்லிய ஊசிப்புல் சோய்சியா என்னும் வகையைச் சேர்ந்தது. கிழக்கு ஆசியாவும் பசிபிக் கரைகளும் அதன் பூர்வீகம், மெக்சிகோ அல்ல. பார்வைக்கு வெல்வெட்டு போல இருக்கும். மெதுவாக வளர்வதால் அடிக்கடி வெட்ட வேண்டியதில்லை. ஓரளவு நிழலையும் தாங்கும். இவையெல்லாம் அதன் நல்ல குணங்கள்.

ஆனால் மெதுவாக வளர்வது அதன் குறையும்கூட. பிள்ளைகள் ஓடி ஓர் இடம் தேய்ந்துவிட்டால், அது மூடப் பல மாதங்கள் ஆகும். வெட்டாமல் விட்டால் மேடு மேடாக எழும்பிக் கொள்ளும். அதற்குள்ளே காய்ந்த தாள் சேர்ந்து, தண்ணீர் உள்ளே இறங்காது. அருகில் ஒரு வாரத்தில் ஆறும் காயம் இதில் ஒரு பருவம் முழுவதும் தெரியும்.

முன்னே சொன்ன வீட்டில் நடந்ததற்குப் புல்லின் மேல் மட்டும் பழி போடுவது நியாயமாகாது. கட்டட இடிபாட்டின் மேல் இரண்டு அங்குல மண் பரப்பி, பிப்ரவரியில் விரித்தார்கள். வேர் பிடிப்பதற்குள் கோடை வந்துவிட்டது. இடமும் தவறு, காலமும் தவறு. அதே விரிப்பைப் பண்பட்ட மண்ணில் ஜூலை மாதம் போட்டிருந்தால் பிழைத்திருக்கவும் கூடும்.

டெலிவிஷனில் பார்க்கும் புல்

விம்பிள்டன் டென்னிஸ் ஆட்டத்தை டெலிவிஷனில் பார்த்துவிட்டு, அதுபோல வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. 2001-ஆம் ஆண்டு முதல் விம்பிள்டனில் இருப்பது முழுக்க முழுக்க ரை புல். ஆட்ட நாட்களில் அதை 8 மில்லிமீட்டர் உயரத்தில் வெட்டி வைக்கிறார்கள்.

அது குளிர்நாட்டுப் புல். குளிர்நாட்டுப் புல்லுக்கும் வெப்பநாட்டுப் புல்லுக்கும் வெயிலைக் கொண்டு உணவு சமைக்கும் முறையிலேயே வேறுபாடு இருக்கிறது. வெயில் ஏற ஏற முதலாவது களைத்துப் போகும். இரண்டாவது தெம்பாக வளரும். அதே வளர்ச்சிக்கு அது செலவிடும் தண்ணீரும் குறைவு. புனேயில் ஏப்ரல், மே மாதங்களில் 38 முதல் 40 டிகிரி வரை வெப்பம் ஏறும். ரை புல் விதையைக் குளிர்காலத்தில் தூவினால் இரண்டு மூன்று மாதம் அழகு காட்டிவிட்டுக் கோடையில் போய்விடும். ஆண்டுதோறும் விதை வாங்க வசதி உள்ளவர்களுக்கே அது ஒத்துவரும்.

புல் தந்தவர், கம்பும் தந்தார்

அருகை ஆராய்ந்து பெரும்பெயர் எடுத்தவர் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிப்டன் என்னும் ஊரில் பணியாற்றிய கிளென் பர்ட்டன். அருகோடு ஆப்பிரிக்காவின் மெல்லிய சைனோடான் இனம் ஒன்றைக் கலந்து அவர் உருவாக்கிய டிப்கிரீன் 1956-லும், டிப்வே 1960-லும் வெளிவந்தன. டிப்கிரீனிலிருந்து தோன்றிய குள்ள வகையான டிப்டுவார்ப் 1965-ல் வெளியிடப்பட்டது. உலகின் பல கோல்ப் திடல்கள் இவற்றால் ஆனவை.

இந்தப் பர்ட்டனுக்கும் நம் சாப்பாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அவர் உருவாக்கிய கம்பு ரகமான டிப்ட் 23 ஏ என்பதைத் தாயாகக் கொண்டு, பஞ்சாபில் லூதியானாவில் இந்தியாவின் முதல் வீரியக் கம்பான எச்.பி.1 உருவாயிற்று. அதுவும் 1965-லேயே வெளிவந்தது. பிறகு இந்தியாவில் கம்பு விளைச்சல் பெருகிய வரலாற்றுக்கு அதுவே தொடக்கம். நம் ஊரில் கம்பங்கூழாகவும், இங்கே பாஜ்ரி பாக்ரியாகவும் சாப்பிடுகிற தானியத்துக்கு உழைத்தவரே புல்தரைக்கும் உழைத்தார். 2005-ல் அவர் காலமானார்.

வாங்குபவர்கள் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மேற்படி டிப் ரகங்கள் எல்லாம் மலட்டுக் கலப்பினங்கள். அவை விதை தருவதில்லை. தண்டை நட்டே பெருக்க வேண்டும். யாராவது "டிப்டுவார்ப் விதை" என்று பொட்டலம் கொடுத்தால் வாங்க வேண்டாம். மேலும், அவை வாரம் இரண்டு மூன்று முறை வெட்டும் வசதி உள்ள திடல்களுக்கே உரியவை. குமாஸ்தா வீட்டு வாசலுக்கு நாட்டு அருகே போதும்.

வாங்குமுன் மூன்று கேள்வி

முதல் கேள்வி: வெயில் எத்தனை மணி நேரம்? அருகுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவிலோ மரத்தடியிலோ அது மெலிந்து, நீண்டு, மறைந்துவிடும். நான்கு மணி நேர வெயில் இருந்தால் சோய்சியா வகையையோ, எருமைப்புல் எனப்படும் அகன்ற இலைப் புல்லையோ முயன்று பார்க்கலாம். அதற்கும் குறைவான இடத்தில் புல்லே வேண்டாம். கல் பாவி, நான்கு தொட்டி வைத்துக் கொள்வது புத்திசாலித்தனம்.

இரண்டாவது கேள்வி: மிதிக்கும் கால்கள் எத்தனை? பிள்ளைகள் பந்து விளையாடும் இடத்துக்கு அருகு. பார்வைக்கு மட்டும் என்றால் சோய்சியா. ஒரே வழியில் தினமும் நடக்கும் பாதையில் எந்தப் புல்லும் நிலைக்காது. அங்கே முதலிலேயே கல் பதித்துவிட வேண்டும்.

மூன்றாவது கேள்வி: மே மாதத்தில் தண்ணீர் எவ்வளவு? இதற்குப் பதில் சொல்லாமல் மற்ற இரண்டுக்கும் பதில் சொல்லிப் பயனில்லை.

தண்ணீர்க் கணக்கு

புனே நகரம் கடக்வாஸ்லா, பான்ஷேத், வரஸ்காவ், டேம்கர் ஆகிய நான்கு அணைகளையே பெரிதும் நம்பி இருக்கிறது. ஆண்டு மழையில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் பெய்து முடிந்துவிடும். மீதி எட்டு மாதங்களும் அணைத் தண்ணீர்தான். தரைக்குக் கீழே எரிமலைப் பாறை. அதன் வெடிப்புகளில் தங்கும் நீர் கொஞ்சம். எனவே போர்வெல்லையும் நம்பிவிட முடியாது.

இனிக் கணக்கைப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர். கோடையில் பச்சையாக இருக்கும் புல்லுக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் தேவை. நம் ஓய்வு பெற்ற குமாஸ்தாவின் 400 சதுர அடி என்பது ஏறத்தாழ 37 சதுர மீட்டர். அப்படியானால் தினம் 185 லிட்டர். நகரவாசி ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது இந்திய நகரக் குடிநீர்த் திட்டங்களில் கொள்ளும் அளவு. வாசல் புல் ஓர் ஆளின் பங்கைவிட அதிகம் குடிக்கிறது!

அடுக்குமாடிச் சொசைட்டிகளில் 10,000 சதுர அடிப் புல்தரை இருந்தால் தினம் 4,650 லிட்டர் வேண்டும். அதாவது 34 பேருக்கு உரிய தண்ணீர். 10,000 லிட்டர் டாங்கர் இரண்டு நாளைக்கு ஒன்று. இந்தச் செலவு மாதாந்தரப் பராமரிப்புக் கட்டணத்தில் சேர்ந்து, புல்லில் கால் வைக்காதவர் தலையிலும் விழுகிறது. சொசைட்டி கமிட்டிகளில் இருக்கும் தமிழர்கள் இந்தக் கணக்கை அடுத்த கூட்டத்தில் எடுத்து வைக்கலாம்.

இதற்கு வழி உண்டா? உண்டு. அருகைத் தூங்க விடுவதே அந்த வழி. நன்றாக வேர் பிடித்த அருகு தண்ணீர் இல்லாவிட்டால் மேலே பழுத்து, கீழே உயிரோடு உறங்கும். அந்த நிலையில் பதினைந்து நாளைக்கு ஒரு முறை 12 மில்லிமீட்டர் அளவு நனைத்தால் உயிர் காக்கப் போதும். மேற்படி 10,000 சதுர அடிக்கு அது சுமார் 11,000 லிட்டர். ஒரு டாங்கருக்குச் சற்று அதிகம். தினமும் ஊற்றினால் அதே பதினைந்து நாளில் ஏழு டாங்கர் ஆகும். ஏழுக்கும் ஒன்றுக்கும் உள்ள வித்தியாசமே நாம் புல்லின் நிறத்துக்குக் கொடுக்கும் விலை. உறங்கும் புல்லின் மேல் அதிகம் நடமாடாமல் இருக்க வேண்டும்.

பெரிய குடியிருப்புகளில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் இருந்தால், அந்த நீரைத் தோட்டத்துக்கு விடலாம். அருகு ஓரளவு உப்பைத் தாங்கும். நீர் பாயும் நேரத்தில் பிள்ளைகளை அங்கே விடக் கூடாது. வீட்டில் அரிசி களைந்த நீர், காய்கறி கழுவிய நீர் எல்லாம் நல்லவை. துணி துவைத்த சோப்புத் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றினால் கரிசல் மண் இறுகிவிடும்.

நடுவது எப்படி?

மே மாதத்தில் நிலத்தை ஒரு அடி ஆழம் கொத்திப் புரட்டி, கல்லையும் சிமெண்டுக் கட்டியையும் பொறுக்கி எறிந்துவிட்டு வெயிலில் காயவிட வேண்டும். இரண்டு வாரம் சென்றபின் ஒரு முறை நனைத்தால் களை முளைக்கும். அவற்றைக் கிழங்கோடு எடுத்துவிட வேண்டும். முக்கியமாகக் கோரை. மராட்டியில் லவ்ஹாளா என்பார்கள். அதன் கிழங்கு ஒன்று தங்கினாலும் அடுத்த வருடம் நூறாகும். அதை மேலே வெட்டிப் பயனில்லை. குர்பே எனப்படும் களைக்கொத்தால் தோண்டியே எடுக்க வேண்டும்.

கரிசல் மண்ணாக இருந்தால் மேல் அரை அடியில் பருமணலும், லால் மாட்டி எனப்படும் செம்மண்ணும் கலக்கலாம். நன்றாக மக்கிய சாண எருவுக்கு இங்கே ஷேண்கத் என்று பெயர். 100 சதுர அடிக்குச் சுமார் 45 கிலோ போட வேண்டும். மக்காத சாணம் கறையானை அழைத்து வரும். தரையைச் சமன் செய்யும்போது வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கம் நீர் வடியும்படி, நூறு அடிக்கு ஓர் அடி சரிவு கொடுக்க வேண்டும்.

மழை தொடங்கி இரண்டு மூன்று பதமழை விழுந்ததும், ஜூன் கடைசியிலிருந்து ஜூலைக்குள் நடலாம். நாற்றுக்குப் பணம் தேவையில்லை. அருகிலேயே பல விதம் உண்டு. இலை மெல்லியதாகவும், கணுக்கள் நெருங்கியும் இருக்கும் படர்ப்பைத் தெரிந்தவர் வீட்டிலிருந்து எடுக்கலாம். சாக்கடை ஓரத்துப் புல் வேண்டாம். ஒரு சதுர அடிப் புல்லைப் பிரித்து நட்டால் பத்துச் சதுர அடிக்கு வரும். இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளாக வெட்டி, நான்கு விரல் இடைவெளியில், ஒரு கணுவாவது மண்ணுக்குள் போகும்படி ஊன்ற வேண்டும்.

ஆள் குறைவாக இருந்தால் இன்னொரு முறை உண்டு. அருகைப் பொடியாக நறுக்கி, சாணமும் செம்மண்ணும் தண்ணீரும் சேர்த்துக் குழைத்து, நனைந்த தரையில் ஒரு அங்குல கனம் பூசிவிடுவது. வீடு மெழுகத் தெரிந்தவர்களுக்கு இது கைவந்த வேலை. மேலே மெல்ல வைக்கோல் மூடி ஈரம் காயாமல் பார்த்தால் இரண்டு வாரத்தில் துளிர் தெரியும்.

பூச்செடிப் பாத்தி பக்கத்தில் இருந்தால், நடுவில் செங்கலைச் செங்குத்தாக முக்கால் அடி ஆழம் புதைத்து வரம்பு கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு ரோஜாவின் காலடியில் அருகு நிற்கும்.

வருடம் முழுவதும் கவனிக்க வேண்டியவை

வெட்டுவது: மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை. ஓர் அங்குல உயரம் வீட்டுக்கு ஏற்றது. ஒரே தடவையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து அடியோடு மழித்தால் தரை மஞ்சளாகிவிடும். 400 சதுர அடிக்குக் கையால் தள்ளும் உருளை மெஷினோ தோட்டக் கத்தரியோ போதும். முனை மழுங்கிய கத்தி புல்லை வெட்டாமல் கிழிக்கும். நுனி பழுப்பதற்கு அதுவே காரணம்.

தண்ணீர்: தினமும் தெளிப்பதால் வேர் மேலேயே தங்கி, ஒரு நாள் தவறினாலும் புல் வாடும். வாரம் ஒரு முறையோ இரு முறையோ அரை அடி ஆழம் நனையும்படி விட்டால் வேர் கீழே தேடிப் போகும். நடந்த காலடி நிமிராமல் அப்படியே பதிந்திருந்தால் தண்ணீர் கேட்கிறது என்று பொருள். விடியற்காலையே சரியான நேரம்.

உரம்: நட்ட ஒரு மாதத்துக்குப் பிறகும், பின்னர் மழைக்காலத்தில் மாதம் ஒரு முறையும் யூரியா போடலாம். 100 சதுர அடிக்கு 100 கிராமுக்கு மேல் வேண்டாம். காய்ந்த இலையில் தூவி, உடனே தண்ணீர் விட வேண்டும். குளிர்காலத்திலும், தண்ணீர் இல்லாத கோடையிலும் உரம் கூடாது. டிசம்பர், ஜனவரியில் இரவுக் குளிர் 10 டிகிரிக்குக் கீழும் இறங்கும். அப்போது அருகு மங்கிப் பழுப்பது இயல்பு. அதற்கு உரம் மருந்தல்ல.

மஞ்சளிப்பு: கட்டட இடிபாட்டுச் சுண்ணாம்பு கலந்த மண்ணில் தண்ணீரும் உரமும் இருந்தும் இலை வெளிறும். அது இரும்புச் சத்துக் குறைவு. அன்னபேதியை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து மாலையில் தெளித்தால் பச்சை திரும்பும். கரைசல் சுவரில், கல்லில் பட்டால் துருக்கறை விழும், ஜாக்கிரதை.

பூச்சி: முதல் மழைக்குப் பிறகு புல் திட்டுத் திட்டாகக் காய்ந்து, இழுத்தால் கையோடு வந்தால் வேரைத் தின்னும் வெண்புழுவைச் சந்தேகிக்க வேண்டும். இங்கே விவசாயிகள் அதை ஹுமணி என்கிறார்கள். மண்ணைக் கொத்திப் பொறுக்கி எடுப்பது சிறிய வாசலுக்குப் போதுமான வைத்தியம். பூச்சிமருந்து அடித்த புல்லைப் பூஜைக்கோ, சாறு பிழிந்து குடிப்பதற்கோ எடுக்கவே கூடாது.

ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்கு முன், இரும்பு வாரியால் காய்ந்த தாளை நன்றாக வறண்டி எடுத்து, கடப்பாரையால் ஆங்காங்கே துளையிட்டு, மணலும் மக்கிய எருவும் மெல்லத் தூவ வேண்டும். ஆஸ்துமாத் தொல்லை உள்ள வீட்டில் அருகைப் பூக்க விடாமல் வெட்டி வைப்பது நல்லது. அதன் மகரந்தம் சிலருக்கு ஒத்துக் கொள்ளாது.

எங்கே கேட்டுத் தெரிந்து கொள்ளலாம்?

புனேவாசிகளுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் மலரியல் ஆராய்ச்சி இயக்ககம் இங்கேதான் இயங்குகிறது. புல்தரை ஆராய்ச்சியும் அதன் பணிகளில் ஒன்று. சிவாஜிநகரில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. காம்ப் பகுதியில், குதிரைப் பந்தயத் திடலுக்கு அருகில் உள்ள எம்ப்ரஸ் கார்டனில் ஜனவரி மாதம் மலர்க் கண்காட்சி நடக்கும். கடகியிலிருந்தோ தேஹு ரோட்டிலிருந்தோ ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய், புல் வகைகளைக் கண்ணால் பார்த்து, மிதித்துப் பார்த்து வரலாம். வாங்கிவிட்டு விசாரிப்பதைவிட விசாரித்துவிட்டு வாங்குவது மேல்.

மூன்றாவது மழை

பாணேர் வீட்டுக்கு வருவோம். அந்த ஜூன் மாதம் அம்மாள் மாளியிடம், "இனிமேல் எதையும் பிடுங்க வேண்டாம், அப்படியே விடு" என்று சொல்லிவிட்டார். காய்ந்த கம்பளத்தைச் சுருட்டி எறிந்து, இடிபாட்டை அள்ளி, எருவிட்டு, ஓரத்தில் தளிர்த்த அருகையே பிரித்து நட்டார்கள். செலவு எருவுக்கும் ஆள்கூலிக்கும் மட்டுமே. இப்போது மூன்றாவது மழை. தரை மூடிவிட்டது. பேரன் பந்தை உதைத்துப் பெயர்த்த இடம் பத்து நாளில் தானே ஆறிவிடுகிறது. மே மாதம் வாசல் பழுப்பாகத்தான் இருந்தது. பார்த்தவர்கள் "புல் செத்துப் போச்சா?" என்று விசாரித்தார்கள். "தூங்குது" என்று அம்மாள் பதில் சொன்னார்.

கணபதி விழாவின்போது மண்டயியில் தூர்வாக் கட்டுகள் குவியும். இருபத்தொரு அருகு சேர்ந்த கட்டை இங்கே ஜூடி என்பார்கள். இந்த வருடம் அந்தத் தெருவில் பலர் அதை வாங்கப் போகவில்லை. விடியற்காலையில் தாம்பாளத்தோடு தமிழ் வீட்டு வாசலுக்கு வந்து, குனிந்து பறித்துக் கொண்டு போனார்கள். முதலில் வந்தவர், அதைக் களை என்று பிடுங்கச் சொன்ன அதே மாளியின் மனைவி.

"ஆல் போல் தழைத்து அருகு போல் வேரோடி" வாழ்க என்று பெரியவர்கள் வாழ்த்துவது சும்மா இல்லை. ஆலமரம் கண்ணுக்குத் தெரியும்படி தழைக்கும். அருகோ தொட்ட மண்ணில் எல்லாம் சத்தமில்லாமல் வேர் விடும். கோடையில் அதைக் காணோமே என்று கவலைப்பட வேண்டியதில்லை. மழைக்கு வந்துவிடும்.